பிளாட்டர் படங்களில் அளவைப் பிழையும் அதனைக் களையும் முறையும்

நிலத்திலுள்ள தூரத்துக்கும், காகிதத்தில் அதனைக் குறிக்கும் கோட்டின் நீளத்துக்கும் உள்ள விகிதமே படத்தின் அளவை எனப்படும். 1:500 என்னும் அளவையில் காகிதத்தின் 1 மில்லிமீட்டர் நிலத்தின் 500 மில்லிமீட்டரை, அதாவது அரை மீட்டரைக் குறிக்கும். கையால் படம் வரைந்த நாட்களில், வரைவோர் முதற்கோட்டை இழுக்கும் முன்னரே அளவையைத் தீர்மானித்துக்கொண்டார். 1982-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற கம்ப்யூட்டர் வரைவு முறைகளில் நிலைமை வேறு. இவற்றில் 60 மீட்டர் நீளமுள்ள வரப்பு 60 மீட்டராகவே பதிவாகிறது. காகிதத்துக்கு ஏற்ப அதனைச் சுருக்கும் வேலை, படத்தைப் பிளாட்டருக்கு அனுப்பும் தருணத்திலேயே நிகழ்கிறது. ஆகவே பெரும்பாலான அளவைப் பிழைகள் தோன்றும் இடமும் அதுவே ஆகும்.

இப்பிழை சிறிதென்று புறக்கணிக்கத் தக்கதன்று. 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 1:500 அளவையில் அது காகிதத்தில் 120 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் கொண்டதாக அமைய வேண்டும். பிளாட்டர் அதனை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிட்டால், அளவுகள் 116.4 மி.மீ., 77.6 மி.மீ. என்று ஆகும். அப்படத்தை அளவுகோலால் அளந்து பரப்பைக் கணக்கிடுவோர் 2,400 சதுர மீட்டருக்குப் பதிலாக 2,258 சதுர மீட்டர் என்றே காண்பர். ஏறத்தாழ 142 சதுர மீட்டர் நிலம் காகிதத்தில் மறைந்து போகிறது. இழப்பீடு வழங்குதல், எல்லைத் தகராறு தீர்த்தல், கால்வாய்க்கு நிலம் ஒதுக்குதல் ஆகியவற்றுக்கு இத்தகைய படத்தை ஆதாரமாகக் கொண்டால், நட்டம் அடைவது நிலத்துக்கு உரியவரே.

சோதனையின் முதற்படி

மருத்துவர் நாடி பார்த்து நோயை அறிவது போல, படத்தை அளந்தே பிழையை அறிதல் வேண்டும். நீளம் திட்டமாகத் தெரிந்த ஒரு கோட்டைத் தேர்ந்து, எஃகு அளவுகோலால் காகிதத்தில் அளக்க வேண்டும். அளந்த நீளத்தை, இருக்க வேண்டிய நீளத்தால் வகுக்க வேண்டும். ஈவு 1 எனில் படம் சரியானது. வேறு எண் கிடைத்தால், அந்த எண்ணே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிவிடும்.

ஈவு 0.94, 0.97 என்றாற்போல் 1-க்குச் சற்றுக் குறைவாக இருந்தால், காகிதத்தில் அடங்குமாறு படத்தைப் பொருத்துக என்னும் கட்டளை செயற்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பிளாட்டர் தாளின் ஓரத்தை விட்டு, எஞ்சிய இடத்துக்குள் படத்தைச் சுருக்கி வரைகிறது. வரைவுத் திட்டத்தில் இக்கட்டளையை நீக்கி, காகிதத் தளத்திலிருந்து 1:1 என்று அனுப்ப வேண்டும். படத்தைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றி அச்சிடும்போதும் இதே பொருத்தும் கட்டளை மற்றொரு முறை குறுக்கிடக்கூடும். அங்கும் உண்மை அளவு என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈவு 0.5 அல்லது 0.707 எனில், தாளின் அளவு மாறியிருக்கிறது. ஏ1 தாள் 594 x 841 மி.மீ., ஏ2 தாள் 420 x 594 மி.மீ., ஏ3 தாள் 297 x 420 மி.மீ. ஆகும். ஏ1 தாளுக்கென அமைத்த படத்தை ஏ3 தாளில் அச்சிட்டால் நீளங்கள் பாதியாகின்றன. 1:500 என்பது 1:1000 ஆகிவிடுகிறது. ஆயினும் தலைப்புக் கட்டத்தில் 1:500 என்னும் எழுத்து மாறாமலே நிற்கும். படிப்போரை ஏமாற்றுவது இந்த எழுத்தே.

ஈவு 1000 அல்லது 0.001 எனில், மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் இடையே குழப்பம் நேர்ந்திருக்கிறது. நில அளவைப் படங்களில் ஓர் அலகு ஒரு மீட்டர். இயந்திரப் படங்களில் ஓர் அலகு ஒரு மில்லிமீட்டர். காகிதத் தளமோ மில்லிமீட்டரில் அமைவது. மீட்டரில் வரைந்த படத்துக்கு, 1000-ஐ அளவையின் எண்ணால் வகுத்துக் கிடைப்பதையே பார்வைச் சாளரத்தின் பெருக்கமாகக் கொடுக்க வேண்டும். 1:2000-க்கு 0.5, 1:1000-க்கு 1, 1:500-க்கு 2, 1:200-க்கு 5 என்பன அவை. பெருக்கத்தை அமைத்தபின் சாளரத்தைப் பூட்டி வைத்தால், தவறுதலாகக் கைபட்டு மாறாது.

ஈவு 25.4 அல்லது அதன் தலைகீழான 0.039 எனில், அங்குலத்தில் வரைந்த படம் மில்லிமீட்டர் படத்துடன் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரு கோப்புகளின் அலகுகளையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

பழைய படங்களில் வரும் சிக்கல்

வங்காளம், பீகார் முதலிய பகுதிகளின் பழைய கிராமப் படங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்னும் அளவையில் வரையப்பட்டவை. ஒரு மைலுக்கு 63,360 அங்குலங்கள் ஆதலால், அவற்றின் அளவை 1:3960 ஆகும். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, மெட்ரிக் முறையில் வழங்கும் 1:4000 என்று கொண்டுவிடுவதுண்டு. அப்போது நீளம் நூற்றுக்கு ஒரு பங்கும், பரப்பு இரு பங்கும் மிகுந்து காணும். ஒரு ஹெக்டேர் நிலம் 1.02 ஹெக்டேர் ஆகும். பிளாட்டர் மீது இதில் பழியில்லை. நிலத்தில் நேரே அளந்த ஒரு தூரத்துடன் ஒப்பிட்டாலன்றி இப்பிழை புலப்படாது.

ஒரு திசையில் மட்டும் பிழை

மேற்கூறிய காரணங்கள் யாவும் இரு திசைகளிலும் படத்தை ஒருங்கே பாதிப்பவை. நீளம் மட்டும் பிழைபட்டு அகலம் சரியாக இருந்தால், பிளாட்டர் தாளை நகர்த்தும் அமைப்பையோ காகிதத்தையோ ஐயுற வேண்டும். சாதாரணக் காகிதம் ஈரக்காற்றில் விரியும். அவ்விரிவும் இரு திசைகளிலும் சமமாக இராது. ஒவ்வொரு திசையிலும் 500 மி.மீ. கோடு ஒன்றை வரையச் செய்து அளந்து, பிளாட்டரிலுள்ள தாள் நகர்வுத் திருத்தத்தைச் செய்ய வேண்டும். நெடுங்காலம் காக்க வேண்டிய படங்களுக்குப் பாலியெஸ்டர் தாள் ஏற்றது.

கோடுகளும் எழுத்துகளும்

அளவை சரியாயினும் படம் தெளிவின்றி அமைவதுண்டு. திரையில் விளங்கும் மஞ்சள் கோடு வெண்தாளில் மங்கிவிடும். எல்லா நிறங்களையும் கறுப்பாக்கும் அச்சுப்பாணியைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். விட்டுவிட்டு வரும் கோடு முழுக்கோடாகத் தோன்றினால், கோட்டுவகையின் பெருக்கம் அளவைக்குப் பொருந்தவில்லை என்பது பொருள். காகிதத்தில் 2.5 மி.மீ. உயரம் வேண்டிய எழுத்தை, 1:500 அளவையில் மாதிரித் தளத்தில் 1.25 மீட்டர் உயரத்தில் எழுத வேண்டும்.

முற்காப்பு

எண்ணால் எழுதிய அளவையுடன், ஒவ்வொரு படத்திலும் கோட்டு அளவை ஒன்றும் வரைதல் இன்றியமையாதது. படம் சுருங்கினால் அதுவும் உடன் சுருங்கும். ஆதலால் அது பொய் கூறாது. அதனருகே தாளின் அளவையும் குறித்து வைத்தால், பின்னர்ப் படியெடுப்போர் தவறு செய்யார்.

இதனைப் பள்ளியிலும் எளிதில் விளக்கலாம். 100 மி.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை உண்மை அளவில் ஒருமுறையும், தாளுக்குப் பொருத்தி ஒருமுறையும் அச்சிட்டு, மாணவரைக் கொண்டு அளக்கச் செய்யலாம். பக்கம் நூற்றுக்கு மூன்று குறைந்தால் பரப்பு ஏறத்தாழ ஆறு குறைவதை அவர்களே கண்டறிவர். களப்பணியாளரும் இவ்வாறே ஒரு கோட்டை அளந்து பார்த்த பின்னரே படத்தைக் கையெழுத்துக்கு அனுப்புதல் நன்று. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடமே.