வரைபடத்தில் பிறந்த படையெடுப்பு

ஆபிரகாம் ஒர்டேலியஸ் 1570இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பில் ஆப்பிரிக்காவும் உண்டு. அதில் ‘சான்சிபார்’ என்ற பெயர் கண்டத்தின் தென்மேற்கில், அட்லாண்டிக் பக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீவு உண்மையில் இருப்பதோ கிழக்கே, இந்தியப் பெருங்கடலில்.

கிறிஸ்டோபர் மார்லோவின் ‘தாம்பர்லேன்’ நாடகம் 1590இல் அச்சேறியது. அதன் இரண்டாம் பாகத்தில், தளபதி டெக்கலஸ் தன் படை போன வழியைச் சொல்லும்போது சான்சிபாரை ஆப்பிரிக்காவின் மேற்கில்தான் வைக்கிறான். ஒர்டேலியஸின் வரைபடத்தைப் பார்த்தே மார்லோ எழுதினார் என்பதை ஆய்வாளர் ஈதல் சீட்டன் 1924இல் ஊர் ஊராக ஒப்பிட்டுக் காட்டினார்.

நாயகனுக்கு மூலம், 1405இல் இறந்த மத்திய ஆசிய மன்னர் தைமூர். சாகும் தறுவாயில் தாம்பர்லேன் வரைபடம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறான். வென்ற நாடுகளைச் சுட்டிக்காட்டி, வெல்லாதவற்றை மகன்களிடம் விட்டுச் செல்கிறான்.

லண்டன் ரசிகர்களுக்கு ஆசியா வெறும் பெயர்ப் பட்டியலாக வரவில்லை. தோற்ற மன்னர்கள் வாயில் கடிவாளத்தோடு மேடையில் தாம்பர்லேனின் தேரை இழுத்தார்கள். நாடகக் கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் 1598ஆம் ஆண்டுப் பொருள் பட்டியலில் தாம்பர்லேனின் கடிவாளம், செப்புச் சரிகை மேலங்கி, கருஞ்சிவப்பு வெல்வெட் கால்சட்டை மூன்றும் பதிவாகியுள்ளன.