பிளே-ஆஃப் கனவும் நவம்பர் சந்தையும்

ஆலங்காயம் கொஞ்சம் வில்லங்கமான இடத்தில் இருக்கும் ஊர். சேப்பாக்கம் மைதானத்துக்கும் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கும் ஏறக்குறைய நடுவில். வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஐ.பி.எல். அணியின் வாசலில் இறங்கலாம். அதனால் சென்னையும் பெங்களூருவும் மோதும் இரவு என்றால் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் சூடு கொஞ்சம் கூடுதல்தான்.

2024 மே 18 அப்படிப்பட்ட இரவு. பெங்களூரு 218 ரன் எடுத்தது. சென்னை ஜெயித்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 201 ரன் எடுத்துத் தோற்றாலே பிளே-ஆஃப் இடம் உறுதி. கடைசி ஓவரில் அதற்கு 17 ரன் தேவைப்பட்டது. யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் அவுட். சென்னை 191 ரன்னில் நின்றது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. ரன் ரேட்டில் பெங்களூரு 0.459, சென்னை 0.392. பத்து ரன்னில் போனது ஒரு சீசன்.

தோற்றாலும் உள்ளே போகலாம் என்றால் அது என்ன கணக்கு? லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம், வெற்றிக்கு இரண்டு புள்ளி. முதல் நான்கு இடம் பிடித்தவர்களுக்கு பிளே-ஆஃப். அதிலும் முதல் இரண்டு அணிகளுக்கு ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவது, நான்காவது அணிக்குக் கிடையாது. பத்து அணிகள் ஆடத் தொடங்கிய 2022 முதல் 2025 வரை பார்த்தால், நான்காவதாக நுழைந்த அணி மூன்று முறை 16 புள்ளியோடும் ஒருமுறை 14 புள்ளியோடும் நுழைந்திருக்கிறது. 2025இல் டெல்லி 15 புள்ளி வைத்துக்கொண்டு வெளியே நின்றது. ஆக, எட்டு வெற்றி என்பதுதான் நிம்மதியான எண். ஏழோடு முடித்தால் ரன் ரேட்டைக் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரன் ரேட் என்பது, சீசன் முழுக்க ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தோம் என்பதிலிருந்து எத்தனை ரன் கொடுத்தோம் என்பதைக் கழித்தால் மிஞ்சுவது. ஒரே ஒரு மோசமான ஆட்டம் அதைப் பாழாக்கிவிடும். 2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் சென்னை 20 ஓவர் முழுக்க ஆடி 103 ரன் எடுத்தது. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனது. அந்த ஓர் இரவின் ஓட்டையை அடைக்கப் பிறகு பல சிறிய வெற்றிகள் தேவைப்படும்.

அந்த 2025 சீசன்தான் இந்தக் கட்டுரைக்கு ஆதாரம். முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதோடு சரி. அடுத்து ஐந்து தொடர் தோல்விகள். இடையில், ஏப்ரல் 10 அன்று கேப்டன் ருதுராஜ் கெய்க்வாடின் முழங்கை எலும்பு முறிவு உறுதியாகி அவர் சீசனிலிருந்தே விலக, தோனி மறுபடி கேப்டனானார். இப்படி ஓர் அணி பாதி வழியில் ஆளில்லாமல் நின்றால், வேறொரு அணியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நல்ல பேட்ஸ்மேனை வாங்கிக்கொண்டால் என்ன?

அமெரிக்க பேஸ்பாலில் அதைத்தான் செய்கிறார்கள். மேஜர் லீகில் ஒரு அணிக்கு 162 ஆட்டம். ஜூலை மாதக் கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றத்துக்குக் கெடு முடியும். அதற்குள் ஒவ்வொரு அணியும் தன்னை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் வாங்குகிற அணியா, விற்கிற அணியா? வாய்ப்புள்ளவர்கள் தேர்ந்த வீரர்களை வாங்குவார்கள். வாய்ப்பு போனவர்கள் அவர்களை விற்று, பதிலுக்கு இளைஞர்களைப் பெற்றுக்கொண்டு எதிர்காலத்துக்குத் தயாராவார்கள்.

2021இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யா ஜூலை 10 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அப்போதைய நிலையில் அணி கலைந்துபோயிருக்க வேண்டும். மாறாக நிர்வாகம், கெடு முடிவதற்குள் ஜோக் பீடர்சன், ஹோர்கே சொலேர், எடி ரொசாரியோ, ஆடம் டுவால் என்று நான்கு அவுட்ஃபீல்டர்களை வெவ்வேறு அணிகளிலிருந்து கொண்டுவந்தது. கெடு நாளில் அந்த அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அக்டோபரில் லீக் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ரொசாரியோ. அதன்பின் ஹூஸ்டனை வீழ்த்திக் கோப்பை வென்ற உலகத் தொடரின் சிறந்த வீரர் சொலேர். இருவருமே ஜூலையில் வாங்கியவர்கள்.

ஐ.பி.எல்.லில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. வீரர் பரிமாற்றம் இறுதிப்போட்டி முடிந்தபின் தொடங்கும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு நிற்கும். ஏலம் முடிந்தபின் மறுபடி தொடங்கி, அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது முடியும். அதாவது ஆட்டம் நடக்கும் இரண்டு மாதத்தையும் அதை ஒட்டிய சில வாரங்களையும் தவிர மற்ற நாளில் பெரும்பாலும் சந்தைதான். 2018இல் சீசன் நடுவிலும் மாறலாம் என்று ஒரு விதி வந்தது. இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர்களுக்கு மட்டும். அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

ஏன் என்பதற்கு அந்த 2024 பெங்களூரு அணியே பதில். முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி. பேஸ்பால் சந்தையாக இருந்தால் அந்த அணி அன்றே கடை விரித்து ஆட்களை விற்றிருக்கும். ஆனால் அடுத்த ஆறு ஆட்டத்தையும் வென்று சென்னையை வெளியே தள்ளியது. 14 ஆட்டத்தில், பாதி வழியில் யாருக்கும் நம்பிக்கை சாகாது. விற்பதற்கு ஆளில்லாத இடத்தில் சந்தை எப்படி நடக்கும்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் பக்கத்து யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்துச் சமாளிப்பார்கள்; ஏனென்றால் பக்கத்து யூனிட்டுக்கு அந்த ஆர்டரில் போட்டியில்லை. ஐ.பி.எல்.லில் பத்து யூனிட்டுக்கும் ஒரே ஆர்டர்.

மிச்சமிருக்கும் ஒரே வழி காயம். சீசன் முழுக்க ஆட முடியாதவருக்குப் பதிலாக, ஏலத்தில் விலைபோகாமல் பதிவுப் பட்டியலில் இருக்கும் ஒருவரை எடுக்கலாம். புதியவரின் சம்பளம் விலகியவரின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. முன்பு ஏழாவது ஆட்டம் வரைதான் இதற்கு அனுமதி. 2025இல் 12ஆவது ஆட்டம் வரை நீட்டினார்கள்.

சென்னை இந்தச் சிறிய கதவை நன்றாகவே பயன்படுத்தியது. 18 கோடி ரூபாய் கெய்க்வாடின் இடத்துக்கு 30 லட்சத்தில் ஆயுஷ் மாத்ரே வந்தார். வயது 17. ஏழு ஆட்டத்தில் 240 ரன். பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94. குர்ஜப்னீத் சிங்குக்குப் பதில் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ். குர்ஜப்னீத்தின் அதே 2.2 கோடிக்கு. இந்தத் தொகையைப் பற்றி அஸ்வின் தன் யூடியூபில் ஏதோ சொல்லப்போய், எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று ஆகஸ்டில் அணி நிர்வாகமே விளக்க அறிக்கை விட வேண்டியதாயிற்று. வன்ஷ் பேடியின் இடத்தில், உள்ளூர் டி20யில் 28 பந்தில் சதம் அடித்த உர்வில் பட்டேல்.

சரியான ஆட்கள்தான். தேதிதான் தப்பு. மாத்ரே முதன்முதலில் களமிறங்கியது ஏப்ரல் 20, பிரெவிஸ் ஏப்ரல் 25. ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்றபோது பத்து ஆட்டத்தில் எட்டு தோல்வி. பிளே-ஆஃப் கணக்கு அன்றோடு முடிந்தது. சாம் கரன் அன்று அடித்த 88 ரன்னும் வீண். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் வீழ்த்தியும், சென்னை வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அந்த மூன்று பேரையும் எடுத்தது 2025க்கான மருந்து என்று சொல்ல முடியாது. அடுத்த வருடத்துக்கான நாற்று நடவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உண்மையான பேரம் 2025 நவம்பரில்தான் நடந்தது. தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலுக்குக் கெடு நாளான நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது: ராஜஸ்தான் கேப்டன் சஞ்சு சாம்சன் 18 கோடியில் சென்னைக்கு, ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. கரனுக்கு 2.4 கோடி. வெளிநாட்டு வீரர்கள் எட்டு பேருக்கு மேல் கூடாது என்ற விதியால், கரனை உள்ளே கொண்டுவர ராஜஸ்தான் முதலில் தன் வீட்டில் இடம் காலி செய்ய வேண்டியிருந்தது. ஹசரங்காவையும் தீக்‌ஷனாவையும் அந்த அணி விடுவித்தது.

பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும். ஆனால் பேச்சை நடத்த வேண்டியது அணிகள்தான். இந்த விதியை ஜடேஜா அளவுக்குப் பட்டு அறிந்தவர் யாருமில்லை. ராஜஸ்தானில் இருந்தபோது வேறு அணியோடு நேரடியாகப் பேசப்போய், 2010 சீசன் முழுக்கத் தடை வாங்கினார். பதினைந்து வருடம் கழித்து முறைப்படி அதே ராஜஸ்தானுக்கே திரும்பினார். நடுவில் சென்னைக்குப் பன்னிரண்டு சீசன். 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட, மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை விட்டுக்கொடுத்தது சரியா என்ற சண்டை ஓயவே ஓயாது. ஆனால் கணக்குப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. சாம்சனுக்கு அப்போது 31 வயது. கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், கேப்டன் பதவி வகித்தவர். ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது; தோனிக்கு 44.

டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் சென்னை இதே பாதையில் இன்னும் தூரம் போனது. சர்வதேச ஆட்டமே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி. அத்தகைய வீரர்களுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. சென்னை விடுவித்த பதிரானாவை 18 கோடிக்குக் கொல்கத்தா கொண்டுபோனது. ஏலத்தில் வாங்கியவரை அந்த வருடச் சந்தையில் மாற்ற முடியாது என்பதால், இந்த இரண்டு இளைஞர்களும் சரியாக ஆடாவிட்டாலும் 2026 சீசன் முடியும்வரை சென்னையின் பொறுப்பு என்றே ஆனது.