உங்களுக்குத் தெரியுமா? தூசியின் நிழல் ஒரு வளையம்

தொலைநோக்கிக் கேமராவில் ஒளியுணரிக்கு, அதாவது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சென்சாருக்கு, முன்னுள்ள கண்ணாடியில் ஒட்டிய தூசித்துகள், படத்தில் புள்ளியாக அன்றி, நடுவில் வெளிச்சம் தங்கிய வளையமாக விழுகிறது.

• ஆம்பூர், வாணியம்பாடித் தோல் நகரங்களுக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில், முதன்மை ஆடிக்கு எதிரே நிற்கும் கருவியமைப்பு ஒளிக்கற்றையின் நடுப்பகுதியை மறைப்பதால், கற்றையே வளைய வடிவம் பெறுகிறது. தூசியின் நிழலும் அவ்வடிவையே கொள்கிறது. வளையம் பெரிதாக இருப்பின், துகள் உணரியிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள்.

• வானியலாளர் ஒவ்வொரு துகளையும் துடைத்துக்கொண்டிருப்பதில்லை. விண்மீன்கள் தோன்றுமுன் சீராக ஒளிரும் அந்தி வானத்தைப் படமெடுத்து, ‘ஃப்ளாட் ஃபீல்டு’ எனப்படும் அப்படத்தால் இரவுப் படத்தை வகுக்கும்போது, இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்த நிழல் நீங்கிவிடுகிறது. துகள் இடம் மாறினால் அப்படம் பயன்படாது என்பதால், அரைகுறையாகத் துடைப்பதைவிடத் தொடாதிருப்பதே மேல்.

• அந்தத் தோல் நகரங்களின் தொழிற்சாலைகளில் சாதாரணக் கேமராவால் படமெடுப்போருக்கும் இதே தூசிச் சிக்கல் உண்டு. உப்புத்தாளால் தோலைத் தேய்க்கும் பஃபிங் பிரிவில் நுண்தூசி மிதக்கும். அங்கே லென்ஸைக் கழற்றலாகாது. எஃப்/16 துளையில் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால், எஃப்/2.8இல் கண்ணுக்குத் தப்பிய துகளும் கரும்புள்ளியாகத் தெரியும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் காற்றுக்குமிழால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும்.