ஈட்டுறுதியை முன்னரே மீட்டல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வீடென்பது பெண்மக்களுக்கு உரியது. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், மணம் பேசுமிடத்து, மாப்பிள்ளை வந்து குடிபுகும் வீட்டின் உறுதி யாது நிலையில் உள்ளது என்பதே முதலில் வினவப்படும். முன்னாளில் அவ்வுறுதி வீட்டுப் பெட்டகத்திற் கிடந்தது. இந்நாளிலோ நம் பழைய மாணவர் பலரது உறுதி வங்கியின் காப்பறையிற் கிடக்கின்றது. மகளுக்குப் பத்து வயதாகுங்கால் இருபதாண்டுத் தவணையிற் கடன் பெற்றுக் கல்வீடு கட்டியவர், அவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போது அக்கடனில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று கணித்துப் பார்த்ததுண்டோ? காலத்தின் முக்காற் பங்கு கழிந்தமையாற் கடனிலும் முக்காற் பங்கு தீர்ந்திருக்கும் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

கணக்கு வேறு கூறுகின்றது. 30 இலட்சம் ரூபாவை, ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீத வட்டிக்கு, 20 ஆண்டுகளில் தீர்ப்பதாகப் பெற்றோம் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 33,033 ரூபா ஆகும். முதன் மாதத்தில் 30 இலட்சத்துக்குரிய வட்டி மட்டும் 30,000 ரூபா. எனவே நாம் செலுத்தியதில் முதலைச் சென்று தொடுவது 3,033 ரூபாவே. அடுத்த மாதம் முதல் சற்றுக் குறைந்திருப்பதால் வட்டியும் சற்றுக் குறையும்; குறைந்த அளவு முதலின் பக்கம் சேரும். இவ்வாறு ஊர்ந்து செல்லும் கணக்கில், ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 20 இலட்சம் செலுத்தியிருப்போம். ஆயினும் முதல் 27½ இலட்சமாக நிற்கும். பதினைந்தாண்டு முடிவிற்கூட 14 இலட்சத்து 85 ஆயிரம் எஞ்சியிருக்கும். காலத்தில் முக்காற் பங்கு கழிந்தும் கடனிற் பாதியே கழிந்துள்ளது. அவ்வேளையில் மகளுக்குச் சீதன உறுதி எழுத நொத்தாரிசை நாடுவோர் திகைப்பது இயல்பே.

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை உண்பான். எத்தனை ஆண்டு உண்டாலும் முதல் ஒரு சதமும் குறையாது. வங்கிக் கடனின் தொடக்க ஆண்டுகள் இவ்வொற்றிக்கு மிக அணித்தானவை என்று கூறின் மிகையாகாது. காணியின் விளைவுக்குப் பதில் நமது சம்பளத்தின் விளைவு செல்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

ஆயின் ஒற்றியில் இல்லாத வாய்ப்பொன்று இதில் உண்டு. தவணைக்கு மேலாக நாம் செலுத்தும் பணத்தில் வட்டிக்குப் பங்கில்லை. அது முழுவதும் முதலையே குறைக்கும். மேற்கூறிய கடனில் மாதந்தோறும் 3,000 ரூபா கூட்டிச் செலுத்துவோமாயின், முதன் மாதத்தில் முதல் குறையும் அளவு ஏறக்குறைய இரட்டிக்கின்றது. அவ்வாறு தவறாது செலுத்துவோர்க்குக் கடன் 15 ஆண்டுகளில் முடிந்துவிடும். மகளுக்கு இருபத்தைந்து வயதாகும் அவ்வாண்டில், அயல்வீட்டார்க்கு 14 இலட்சத்து 85 ஆயிரம் நிற்க, இவர் உறுதியைக் கையிற் பெறுவார். கூட்டிச் செலுத்தியது மொத்தம் 5 இலட்சத்து 40 ஆயிரம். வட்டியில் மிஞ்சியது 14½ இலட்சத்துக்கு மேல். மாதம் 10,000 ரூபா கூட்ட வல்லார்க்கோ, கடன் ஏறத்தாழ பத்தே ஆண்டில் தீரும். நம் கல்லூரிக் கணித வகுப்பிற் பெருக்கல் விருத்தியைப் படித்த நாளில், இது எதற்குப் பயன்படும் என்று பின்வாங்கிலிருந்து முணுமுணுத்தவர்களுள் யாமும் ஒருவர்.

மேலதிகப் பணம் எவ்வளவு என்பதினும் அது எப்போது செலுத்தப்படுகிறது என்பதே பெரிது. அதே கடனில், தொடக்கத்திலேயே ஒருமுறை மட்டும் 1 இலட்சம் ரூபாவைக் கூடுதலாகச் செலுத்தினால் 28 மாதத் தவணைகள் இறுதியில் உதிர்ந்துவிடும். பதினைந்தாம் ஆண்டின் முடிவில் அதே இலட்சத்தைச் செலுத்தின் ஐந்து தவணைகளே உதிரும். ஆதலின் ஓய்வூதியப் பணிக்கொடை வந்தபின் பார்ப்போம் என்று இருப்பது நட்டமே. வேளாண்மைக் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் கூட்டுவது இயலாதாகலாம். அன்னார் மாசி, பங்குனியில் மாரிப்போக நெல் விலையான கையோடு, சித்திரைப் புதுவருடச் செலவுகள் வருமுன், ஒரு தொகையைச் செலுத்திவிடுதல் நன்று.

வட்டி மாறுங் கடன்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாள், இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியமை நினைவிருக்கும். ஐந்தாண்டு கட்டி 27½ இலட்சம் எஞ்சிய ஒருவருக்கு வட்டி நூற்றுக்கு 20 ஆனால், ஒரு மாத வட்டியே 45,000 ரூபாவைத் தாண்டும். பழைய தவணை முழுவதும் அதற்குப் போதாது. மாதம் 10,000 கூட்டிக் கட்டி வந்தவர்க்கோ முதல் 19½ இலட்சத்துக்குட் குறைந்திருக்கும். 20 வீத வட்டியும் பழைய தவணைக்குள் அடங்கிவிடும்.

இனி, யாம் பட்ட பாட்டைக் கூறுதல் பிறர்க்கு உதவும். கூட்டிய பணத்தை எட்டு மாதங்கள் தவறாது செலுத்தினோம். பின்னர் கணக்குக்கூற்றைக் கேட்டுப் பெற்றபோது, அப்பணம் முழுவதும் வருந்தவணைகளுக்கான முற்பணமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததும், முதலில் ஒரு சதமேனும் கழிக்கப்படாதிருந்ததும் தெரிந்தன. பிழை ஒருபாதி எம்முடையதே. எழுத்தில் ஒன்றுங் கொடாது, பணத்தை மட்டுங் கொடுத்து வந்தோம். மேலதிகத் தொகையை முதலிற் கழிக்குமாறும், தவணையைக் குறையாது காலத்தைக் குறைக்குமாறும் கடிதம் எழுதிக் கையொப்பத்துடன் பிரதி பெற்றுக்கொள்ளல் வேண்டும். முன்கூட்டித் தீர்ப்போரிடங் கட்டணம் அறவிடும் ஏற்பாடு ஈட்டுறுதியில் உளதோ என்பதையும் முன்னரே படித்துக்கொள்க.

எல்லார்க்கும் எப்போதும் இது தக்கதென்று யாம் கூறவில்லை. அரசாங்க ஊழியர்க்குரிய சலுகை வட்டி ஆதனக் கடனைப் பெற்றோர், நிலையான வைப்புக்கு அதனினும் மிக்க வட்டி கிடைக்குமாயின் கடனை விரைந்து தீர்ப்பதில் ஊதியமில்லை. நகை அடைவிலிருப்போர் வட்டி மிக்க அக்கடனையே முதலில் மீட்க வேண்டும். அன்றியும் கடனுக்குட் சென்ற பணம் கேட்டவுடன் திரும்பி வாராது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட கரை நம்முடையது. ஆறு மாதச் செலவுக்கேனும் பணத்தைப் புறம்பாக வைத்த பின்னரே மேலதிகந் தொடங்குதல் தகும். இவ்விடயத்தில் எம் துணைவியார் எம்மினும் கண்டிப்பானவர்.

கடைசித் தவணையுடன் கருமம் முடிந்ததென்று எண்ணற்க. வங்கி ஈட்டை விடுவித்து உறுதி எழுதிக் கொடுக்க, அது காணிப் பதிவகத்திற் பதியப்படுதல் வேண்டும். எம் மூத்த மகளுக்குச் சீதன உறுதி எழுதும்பொருட்டு நொத்தாரிசு அவர்கள் பதிவேட்டைப் பார்த்தபோது, கடன் தீர்ந்து ஈராண்டு கழிந்தும் ஈடு அங்கே அப்படியே நின்றது. விடுவிப்பைப் பதிந்து முடிக்க மூன்று கிழமை சென்றது. கலியாண நாளோ அதற்கு முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. பதிந்த உறுதி, பொன்னுருக்கலுக்கு முதனாட் பிற்பகலிலேயே எம் கைக்கு வந்தது.