நிதான ஆடை வணிகமும் சாயநீர்ச் செலவும்

2007ஆம் ஆண்டில் கேட் பிளெட்சர் முன்வைத்த 'ஸ்லோ ஃபேஷன்' எனப்படும் நிதான ஆடையாக்கம், மூலப்பொருள், சாயம், உழைப்பு, பயன்பாட்டுக் காலம் ஆகியவற்றை ஒருசேர நோக்கும் கருத்தாகும். இவற்றுள் சாயத்தின் உண்மைச் செலவைத் திருப்பூரின் பட்டறிவு தெளிவாக உணர்த்துகிறது.

அங்குள்ள சாய ஆலைகளின் உப்புக் கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட அணையைச் சூழ்ந்த விளைநிலங்களும் கிணறுகளும் உவர்ப்பாயின. 2011 சனவரியில், கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் ஆகிய முறைகளால் நீரும் உப்பும் மீட்கப்பட்டு மீண்டும் சாயமிடப் பயன்படுகின்றன. இம்மீட்பிற்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகத் தேவைப்படுவதால் சாயக்கூலி உயர்கிறது.

இச்செலவை ஏற்காது மலிவான இடத்தை நாடும் கொள்முதல், மாசினை வேறோர் ஆற்றிற்கு இடம்பெயர்க்கிறது. நிதான ஆடை வணிகமோ அதனை விலையில் சேர்த்து, நெடுநாள் உழைக்கும் ஆடைகளைக் குறைந்த எண்ணிக்கையில் தைத்து, பழுதுநீக்கியும் தருகிறது. ஓர் ஆடை இருமடங்கு காலம் உடுத்தப்படின், ஆண்டொன்றுக்கு அதன்பொருட்டுச் செலவாகும் சாயநீர் பாதியாகிறது. உயர்ந்த விலையும் அவ்வாறே பகிரப்படுகிறது. எனவே, இவ்வணிகத்தின் மெய்ம்மையை அதன் விளம்பரத்தைவிட விலைக்கணக்கே உணர்த்தும் எனலாம்.