பேஸ்மென்ற் பழைய ரைல்ஸ்: கிளப்ப முதல் இதை வாசியுங்கள்

ஊரில் அஸ்பெஸ்ரஸ் என்றால் எங்களுக்குக் கூரைச் சீற்தான் ஞாபகம் வரும். கனடாவில் அது காலுக்குக் கீழேயும் இருக்கலாம். ரொறன்ரோ, ஸ்காபுரோ பக்கம் 1950களில் இருந்து 1970கள் வரை கட்டிய வீடுகளின் பேஸ்மென்ற் தளத்தில் ஒட்டிய வைனல் ரைல்ஸ் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கிறது. அந்த பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களிலும், கைக்காசுக்குப் போய் அதை உடைப்பவர்களிலும் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

9 அங்குலச் சதுர ரைல், அதன் அடியில் தார் மாதிரிக் கறுப்புப் பசை என்றால் கவனம். பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்றுதான் வழி. வீடு 1990க்கு முன் கட்டியது என்றால், சோதிக்கும்வரை 'இருக்கிறது' என்றே நினைத்து நடவுங்கள்.

பயப்பட வேணுமா?

ரைல் உடையாமல் கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. நார் உள்ளே இறுகிப்போய் இருக்கும். அதைக் கிளப்பாமல் மேலேயே புதுத் தளம் போட்டு மூடுவதுதான் பல வேளைகளில் நல்ல வழி, செலவும் குறைவு. உடைத்தால், சுரண்டினால், மெஷினால் தேய்த்தால் நார் தூசாகக் கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, அன்றைக்கு ஒன்றும் செய்யாது. நுரையீரல் புற்றுநோயோ, மெசோதீலியோமா என்ற புற்றுநோயோ வர 20, 30, 40 வருடம்கூட எடுக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு.

ஏற்கனவே உடைந்துவிட்டதா?

* வேலையை நிறுத்துங்கள். ஃபேர்னஸை நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் தூசு வீடு முழுக்கப் போகும்.
* கூட்டவோ, வீட்டு வக்கியூம் போடவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.
* கடதாசி மாஸ்க் இந்தத் தூசைத் தடுக்காது.
* உடைந்த துண்டுகளைச் சாதாரணக் குப்பையோடு போடாதீர்கள். எங்கே கொடுப்பது என்று நகரசபையைக் கேளுங்கள்.
* வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். உடுப்பில் வந்த தூசால் வீட்டிலிருந்தவர்களுக்கும் நோய் வந்திருக்கிறது.

நீங்கள் வாடகைக்கு இருந்தால் ரைலில் கை வைக்காமல், வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

முதலாளி 'உடை' என்றால்?

ஒன்ராறியோவின் 278/05 விதிப்படி, அஸ்பெஸ்ரஸ் வேலைக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் தரவேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருந்தாலும் அந்த உரிமை மாறாது. மறுத்ததற்காக வேலையால் நிற்பாட்டுவதும் சட்டவிரோதம்.

முதலில் மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். சும்மா விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டாம். பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். அவர் சரிசெய்யாவிட்டால் ஒன்ராறியோ தொழில் அமைச்சுக்கு எடுங்கள்: 1-877-202-0008. பெயர் சொல்லாமலும் முறையிடலாம்.

ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கமா? எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். பக்கத்தில் இருந்து தொலைபேசி எடுத்துத் தருவோம்.