பெண்ணைக்கரைப் படைவீடும் ஆற்றுத்தளியும்

பாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுக்களுட் சில, கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவனது ஆட்சியாண்டைக் குறிப்பன. சோழர் ஆண்ட ஊரில் இராட்டிரகூட வேந்தன் பெயர் பொறிக்கப்பெற்றது கி. பி. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரின் விளைவேயாம். அப்போர்க்கு முன்னர், அதே தென்பெண்ணை வெளியில், சோழர் படை பல்லாண்டுகள் காத்திருந்தது. காத்திருந்த காலத்து அது யாது செய்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

வடபுலத்துப் பகையை எதிர்நோக்கிய முதற் பராந்தகன், தன் மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தினான். திருநாவலூர் அவன் இருக்கையாயிற்று. இராசாதித்தபுரம் என்னும் பெயரும் பெற்றது. அவன் பரிவாரத்தில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தனர். கோயில்களுக்கு அவர்கள் விளக்கறம் வைத்ததனை அவ்வூர்க் கல்வெட்டுக்கள் கூறும்.

அவர்களுள் தலைசிறந்தோன் பெரும்படைத் தலைவனாகிய வெள்ளங்குமரன். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரினன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துத் திருமுடியூரில், இன்று கிராமம் என வழங்கும் ஊரில், ஆற்றுத்தளி மகாதேவர்க்குக் கற்றளி எடுப்பித்தான். மரமும் வெட்டுக்கல்லும் ஓடும் கொண்டு கோயில் சமைக்கும் நாட்டிலிருந்து வந்தவன் அவன். எனினும் தன் நாட்டு முறையை இங்குக் கொணர்ந்திலன். தான் தங்கிய நிலத்தின் வழக்கப்படி கல்லையே கைக்கொண்டு, சோழர் பாணியிலேயே தளியை அமைத்தான்.

ஆனால் ஒன்றனை மட்டும் அவன் விட்டிலன். பராந்தகனது 36ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கலியுகத்து 4044ஆம் ஆண்டினையும், 14,77,037 என்னும் கலிநாள் தொகையினையும் தருகின்றது. இது கி. பி. 943 சனவரி 14 ஆகும். சோழர் சாசனங்களில் அரிதாய கலிநாட் கணக்கு மலையாள நாட்டிற் பயின்று வழங்குவது. கட்டடம் பெண்ணைக்கரைக்குரியது; காலக்கணக்கு பிறந்த நாட்டினது என்பதே எம் துணிபு. சோழர் காலவாராய்ச்சிக்கு இத்தொகை செய்துள்ள உதவி பெரிது.

ஆறாண்டு கழித்து இராசாதித்தன் தக்கோலத்தில் யானைமேலிருந்தவாறே பட்டான். கன்னரதேவன் காலத்துத் திருவொற்றியூர்க் கல்வெட்டொன்று, சதுரானன பண்டிதர் என்னும் மடத்துத் தலைவரைப் பற்றிப் பேசுகின்றது. அவர் கேரளத்திற் பிறந்தவர், இராசாதித்தனுக்கு நெருங்கியவர், தலைவனோடு ஒருங்கு மாளும் பேறு வாயாமையால் துறவு பூண்டவர். இவரே வெள்ளங்குமரன் என அறிஞர் கருதுவர். பெயர் ஒத்திலதாயினும், பிறந்த நாடும் தலைவனும் காலமும் ஒத்தலின் யாமும் அதனை ஏற்கின்றோம்.